பன்னிரண்டு மணிக்கு எழுந்து நின்றவர்கள்

நேற்று வங்கியில் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பினாயில் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ரொசாரியோவின் மேல் எரிச்சல் வந்தது. பினாயிலுக்கும் அவனுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். இருக்கிறது.

தூத்துக்குடியில், கப்பல் சரக்குக்குச் சுங்க வேலை பார்க்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் சேர்ந்த புதிது. ரொசாரியோ பக்கத்து மேஜை, பெரியதாழைக் கடற்கரைக்காரன். துறைமுக வேலையில் இருந்த எங்களைப் போன்ற இளசுகள் சேர்ந்து ஒருநாள் கருத்தரங்கு நடத்தத் தீர்மானித்தோம். அதில் நன்றாகப் பேசுகிற ஒருவரைச் சென்னைக் கூட்டத்துக்கு அனுப்புவதாக எங்கள் மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த ஒருவர் நான்தான் என்று நானே முடிவுசெய்து, புது சூட்கேஸ்கூட வாங்கிவிட்டேன்.

ஹோட்டல் ஹால் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. இடம் பிடித்தவன் ரொசாரியோ. கப்பலுக்குக் காத்திருக்கும் மாலுமிகள் தங்குகிற மலிவு விடுதி, மாதா கோயிலுக்குப் பின்தெருவில். “அங்கன காத்து பிச்சிக்கிட்டு வரும்லே” என்றான். காற்றோடு கருவாட்டு வாடையும் வந்தது. அதை அமுக்க வார்டன் அண்ணாச்சி வாளி வாளியாகப் பினாயில் ஊற்றியிருந்தார். இரண்டடுக்கு இரும்புக் கட்டில்களைச் சுவரோரம் தள்ளி, மேலேயும் கீழேயும் ஆட்கள். மேலே இருந்தவர்களின் கால்கள் கீழே இருந்தவர்களின் மூக்குக்கு நேரே ஆடின. பேனருக்கு மேலே யாருடையதோ ஜட்டி காய்ந்தது. இந்த லட்சணத்துக்கு எல்லோரும் ரொசாரியோவின் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய கட்டுரை. கடைசி வரியை வாசித்து நிமிர்ந்தேன். பாதிப்பேர் எழுந்து நின்றார்கள். மேல்கட்டிலிலிருந்துகூடக் குதித்து இறங்கினார்கள். நான் தாமிரபரணிப் பக்கம் வயல்காட்டில் வளர்ந்தவன். இப்படியொரு மரியாதையைக் கனவிலும் கண்டதில்லை. கண்கலங்கிக் கைகூப்பி, “உக்காருங்க, உக்காருங்க” என்றேன்.

யாரும் உட்காரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. அப்போதுதான் கோயில் மணி என் காதில் விழுந்தது. நண்பகல் மணி அடித்தால் கடற்கரைக் கிறிஸ்தவர்கள் இருந்த இடத்திலேயே எழுந்து செபம் சொல்வார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

செபம் முடித்துச் சிலுவை போட்ட ரொசாரியோ, “மாதாவுக்கு எந்திச்சவங்கள இவன் உக்காரச் சொல்லுதாம்லே!” என்றான். கட்டில்கள் குலுங்கின. கேட்க வந்திருந்த மேனேஜருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அடுத்துப் பேச வந்தவன் ரொசாரியோதான். கையில் துண்டுக் காகிதம் கிடையாது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் எல்லோரையும் வளைத்துப் போட்டுவிட்டான். சென்னைக்கு அவன்தான் போனான், என் சூட்கேஸை இரவல் வாங்கிக்கொண்டு. அது கைப்பிடி பிய்ந்து திரும்பி வந்தது.

வங்கியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் போட்டேன். இப்போது சிங்கப்பூரில் பெரிய ஆள். விடுதியை இடித்துவிட்டார்கள், கட்டில்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன, அங்கே கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துகிறார்கள் என்றேன்.

“எந்த விடுதிலே?”

மணியை, கட்டில்களை, நான் கைகூப்பி நின்றதை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவன் யோசித்தான்.

“சத்தியமா ஞாபகம் இல்லலே. நானா சென்னைக்குப் போனேன்?”

ஆக, விடுதியும் போயிற்று, ஜெயித்தவனுக்கு ஜெயித்த ஞாபகமும் போயிற்று. இத்தனை வருஷமாக அதை வைத்துக்கொண்டிருப்பவன் நான் ஒருவன்தான். போனை வைத்த பிறகு அவனுடைய மறதியின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது.