மூடப்பட்ட சுரங்கவாய்

எண்பதுகளின் நடுவில், கடல் கடந்து வந்து, ஒடாஹுஹு என்ற அந்நிய ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில் டைப் அடிக்கும் வேலை பார்த்தேன். வடக்கே மலைக்குள் இருந்த ஒரு குட்டித் தங்கச் சுரங்க ஊரின் வரலாற்றை எழுதிய கிழவர், கோழி கிண்டினதுபோன்ற கையெழுத்தில் தாள்களைக் கொண்டுவந்து என் தலையில் கட்டினார். எத்தனை மதுக்கடை, பள்ளிக்கூடத்தை யார் திறந்தது... ஐயோ, அலுப்பென்றால் அப்படியோர் அலுப்பு.

ஒன்பதாம் அதிகாரத்தில் சுரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்தது. இரண்டு பேரை வெளியே எடுக்க முடியவில்லை. மனைவிமார் மூன்று வாரம் வாசலிலேயே நின்றார்கள். பிறகு பாதிரியார் ஜெபம் சொல்ல, உடல்கள் உள்ளே கிடக்க, ஊர் சுரங்கவாயை மண் போட்டு மூடியது. ஒருத்தி பிற்பாடு பேக்கரிக்காரனை மணந்தாள். அவ்வளவுதான், அடுத்த வரியில் ரயில் வந்துவிட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்தில் பஸ்ஸிலிருந்து ராணுவம் இறக்கிக்கொண்டு போன என் தம்பியைப் பற்றி ஒன்றரை வருடமாக ஒரு சேதியும் இல்லை. அவன் மனைவியின் கடிதம் ஒரு வாரமாக என் கைப்பையில் கிடந்தது.

"மச்சாள், இனியும் பாத்துக்கொண்டிருக்காமல், ஆள் இல்லையெண்டு வச்சு அந்தியேட்டியைச் செய்து முடிப்பம் எண்டு எங்கட ஐயா சொல்லுறார். செய்தால் நான் தாலியைக் கழட்டவேணும், பொட்டும் வைக்கேலாது. உங்கட தம்பி. நீங்கள் சொல்லுறபடி செய்யிறன்."

மூடச் சம்மதித்தது யார், அந்தப் பெண்களா என்று கிழவரிடம் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். அதை யாரும் எழுதிவைக்கவில்லையாம். என்ன வரலாறு, மண்ணாங்கட்டி!

வீட்டில் கணவரிடம் கேட்டேன். "என்னப்பா எழுதட்டும்?"

"உம்மட தம்பி. நான் என்னத்தைச் சொல்லுறது?"

"ஓம், நீங்களும் கையைக் கழுவுங்கோ!" என்று கத்தினேன்.

கடைசியில் நான்கு வரி எழுதினேன். "இப்ப ஒண்டும் செய்யவேண்டாம். அவன் வருவான். பொறுத்திரும். கடவுள் இருக்கிறார்."

அவன் வருவான் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அவனுக்குக் கருமம் செய்யச் சொல்லி என் கையால் எழுத முடியவில்லை. தபால்பெட்டிக்குள் போட்டதும், திரும்ப எடுக்கலாமா என்று விரலை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை.

அடுத்த கடிதத்தில் அவள் எனக்கு நன்றி சொல்லியிருந்தாள். நான் சொன்னபடியே பொறுத்திருப்பாளாம். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது.