மடுவத்து முடக்கில் ஒரு மான்

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு ரோட்டில், ஆள் நடமாட்டமே இல்லாத ஓர் ஓரத்தில் நிற்கிற போர்டுக்கு, அதுவும் அதன் பின்பக்கத்துக்கு, எவனோ மெனக்கெட்டு உட்கார்ந்து துருப் பூசியிருந்தான். அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த அருவருப்பு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. லொறி ஓட்டுகிற விளையாட்டு அது. காட்டியவர் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னதொரை, அதாவது உதவி மேனேஜர். பார்த்தவன் அதே தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்த நான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சின்னதொரை கொழும்பிலிருந்து வந்த இளவட்டம். ஒருநாள் சாயங்காலம் பெக்டரியில் கொழுந்தை இறக்கிவிட்டு லொறியைக் கழுவிக்கொண்டிருந்தபோது, தொரை கூப்பிடுவதாக பங்களா வாட்சர் வந்து சொன்னார். ஏதோ குற்றம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். போனால், மனுஷன் கட்டைக் கால்சட்டையோடு மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மேசையில் ஒரு சின்ன ஸ்டியரிங்கை முடுக்கி வைத்திருக்கிறார். முகமெல்லாம் சிரிப்பு.

"டிரைவர், இங்க வா. இதப் பாரு. நெச ரோடு மாதிரியே இருக்கா, இல்லையா? நீ சொல்லு."

அவர் தமிழ் பழகியது பெரட்டுக் களத்தில். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்தில் பழகிய தமிழில் ஏவல் மட்டும்தான் இருக்கும். பிரியமாகப் பேசினாலும் அது ஏவலாகத்தான் வெளியே வரும். உட்காரச் சொல்ல அந்தத் தமிழில் சொல் இல்லை போலிருக்கிறது. நின்றுகொண்டே பார்த்தேன்.

மூக்கு நீண்ட லொறி ஒன்று. எங்கோ வெளிநாட்டில், நூல் பிடித்த மாதிரி ரோடு. ஓரமெல்லாம் போர்டுகள். அடுத்த டவுனுக்கு எவ்வளவு தூரம், எந்த வழியில் திரும்ப வேண்டும், டீசல் எங்கே கிடைக்கும், பாரம் எங்கே நிறுக்க வேண்டும், முன்னால் ரோடு ஒடுங்குகிறதா, எல்லாவற்றுக்கும் போர்டு. லைட் பட்டால் மினுங்குகிறது. மழை பெய்தால் நனைந்து பளபளக்கிறது. ஒரு போர்டின் காலில் பாசி. தொரை ஒரு பித்தானை அமுக்கிப் பின்னால் திரும்பிப் பார்க்க வைத்தார். அப்போதுதான் அந்தத் துருவைக் கண்டேன்.

செய்தவன் கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தொண்ணூறுகளில் நான் கிளீனராக இருந்துகொண்டு லைசன்ஸ் எடுக்கப் போனபோது, போர்டுப் படங்கள் போட்ட புத்தகம் ஒன்றை நெட்டுரு போட்டேன். லைசன்ஸ் கிடைத்த பிறகு அந்தப் படங்களில் முக்கால்வாசியை ரோட்டில் காணவே கிடைக்கவில்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஓடிய காலத்தில், பஸ் இடித்து மல்லாந்து கிடந்த போர்டு ஒன்றைப் பிறகு ஒரு கோழிக்கூட்டுக்குக் கதவாகக் கண்டேன். தேயிலை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் வழியில் சுத்தமாக, நேராக, பெயின்ட் உரியாமல் நின்றது ஆமிக்காரர்களின் செக்பொயின்ட் போர்டு மட்டும்தான். அங்கே மட்டும் எங்களை நிறுத்த வேண்டும் என்பதில் எல்லோருக்கும் அக்கறை இருந்தது.

தொரையோ அந்த வெட்டவெளியில், ஒரு ஈ காக்கை இல்லாத ரோட்டில், ஒவ்வொரு போர்டுக்கும் வேகத்தைக் குறைத்தார். சிக்னல் போட்டார். சிவப்பு விளக்குக்குக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். இதே மனுஷன் தோட்ட ரோட்டில் ஜீப்பை விடுகிற விடுகையில், கொழுந்துக் கூடையோடு வருகிற பெண்கள் ரோட்டோரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். வேலைக்காரன் மூஞ்சியில் அருவருப்பைக் காட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது ஒரு மஞ்சள் போர்டு வந்தது. சாய்சதுரம், நம் நாட்டுப் போர்டு மாதிரியேதான். அதற்குள் கறுப்பாக ஒரு மான் துள்ளிக்கொண்டிருந்தது.

"இது என்னங்க தொரை?"

"மான் ரோட்ட தாண்டுற எடம். ஸ்லோ பண்ணணும்."

"மான் வருங்களா?"

"வராது. இந்த கேம்ல மானே இல்ல. போர்டு மட்டும்தான். அப்பதானே ரியலா இருக்கும்?"

இல்லாத மானுக்கு ஒரு போர்டு! என் தங்கச்சியின் ஞாபகம் வந்துவிட்டது எனக்கு.

எங்கள் தோட்டத்தை மஸ்கெலியாவிலிருந்து சிவனொளிபாதமலைக்குப் போகிற பெரிய ரோடு இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. கொழுந்து எடுக்கிற மலை ரோட்டுக்கு மேலே. கொழுந்தை நிறுக்கிற மடுவம் ரோட்டுக்குக் கீழே. ஒவ்வொரு நிறுவைக்கும் பெண்கள் கூடையோடு ரோட்டைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கிற இடத்தில் ரோடு சட்டென்று வளைகிற ஒரு முடக்கு. கீழேயிருந்து வருகிற வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கும் காலடிக்கு வருவதற்கும் இடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிட்டால் எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவர்கள் வேன் வேனாக வருவார்கள். பாட்டு, கைதட்டு, கொடி. புண்ணியம் தேடிப் போகிறவர்களுக்கு இருக்கிற அவசரம் ஆம்புலன்ஸ்காரனுக்குக்கூட இருக்காது.

அப்படி வந்த வேன் ஒன்று என் தங்கச்சியைத் தூக்கி அடித்தது. பகல் நிறுவை நேரம், பனி இறங்கியிருந்தது. வேன் நிற்கவில்லை. என் லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே அவளைப் படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இடுப்பெலும்பு பொருந்தியது. ஆனால் ஒரு கால் குட்டையாகிவிட்டது. வீட்டில் இருந்து சாப்பிடுகிற வசதி அவளுக்கு ஏது? எழும்பி நடக்கத் தொடங்கியதும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள். மற்றவர்கள் அந்த ரோட்டை ஓடிக் கடப்பார்கள். அவளால் ஓட முடியாது. நான் மடுவத்தடியில் லொறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு நிறுவைக்கும், அவள் சாய்ந்து சாய்ந்து அந்தத் தாரைக் கடந்து வருகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

பனியில் வேன்காரனுக்கு ஆள் தெரியவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். தெரியாதவனுக்குத் தெரிய வைக்க வேண்டும், அதற்கு ஒரு போர்டு வேண்டும். தோட்டத்து யூனியன் தலைவரும் நானும் அலைந்தோம். ரோட்டு ஆபீசில், அது தோட்டத்து ஆட்கள் கடக்கிற இடம், தோட்டத்தைக் கேளுங்கள் என்றார்கள். தோட்ட ஆபீசில், அது அரசாங்க ரோடு, அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். எங்களைப் பந்தாடினார்கள். பந்துக்குக் கோபம் வந்தால் யாருக்கு என்ன?

இதெல்லாம் ஒன்றாக நெஞ்சுக்குள் கிளம்பியதில், தொரையிடம் வாய்விட்டேன்.

"தொரை, வராத மானுக்கு அந்த ஊர்ல போர்டு வச்சிருக்காங்க. நம்ம மடுவத்து முடக்குல நெதம் இத்தன பொம்பளைங்க தாண்டுறாங்க. அங்கயும் இந்த மாதிரி ஒரு போர்டு வச்சா என்னங்க?"

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. "நல்ல ஐடியா டிரைவர். பாப்போம்" என்றார். 'பாப்போம்' என்றால் தோட்டத்தில் 'போ' என்று அர்த்தம். வந்துவிட்டேன்.

சீசனுக்குக் கொஞ்சம் முந்தி, ஒரு காலையில் மடுவத்தடிக்கு லொறியைக் கொண்டு போகிறேன், முடக்குக்கு முன்னால் புதுக் கம்பம். சீமெந்து இன்னும் காயவில்லை. கம்பத்தின் தலையில் மஞ்சள் சாய்சதுரம். அதற்குள் மான்.

அந்த விளையாட்டில் இருந்த அதே மான். கம்ப்யூட்டரிலிருந்து படத்தை எடுத்து, ஹட்டனில் கொடுத்துப் பெரிசாக்கி, லைட் பட்டால் மினுங்குகிற தாளில் அடித்து, தகரத்தில் ஒட்டிக் கொண்டுவந்து நட்டிருக்கிறார். கூடை சுமந்த பெண்கள் அதைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். "நம்மள மானுன்னு சொல்றாரு தொரை" என்று ஒருத்தி இடுப்பை வெட்டி நடந்து காட்டினாள். என் தங்கச்சியும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போர்டின் மீது காறித் துப்பலாம் போலிருந்தது.

அன்று மத்தியானம் தொரை ஜீப்பை நிறுத்திக் கேட்டார். "என்ன டிரைவர், கேட்ட போர்டு வந்திருச்சா?"

"வந்திருச்சுங்க தொரை. பொம்பளப் படம் இல்லீங்களா?"

"அதுக்கு ஆரு வரையிறது? இது ரெடியா இருந்துச்சு. சரியான அளவு, சரியான கலர். இத செஞ்சவன் ஒரிஜினல் போர்ட பாத்து செஞ்சிருக்கான்."

பெருமையோடு போனார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கேட்டதும் செய்துவிட்டார், ஆனால் கேட்டது என்னவென்று அவர் காதில் ஏறவேயில்லை.

சீசன் வந்தது. வேன்கள் வந்தன. இதற்கு மேல் நடந்ததை நான் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்ப மாட்டேன். அத்தனை வேனும் அந்த முடக்கில் பூனை மாதிரி வந்தன. பாட்டை நிறுத்தினார்கள். ஜன்னலால் தலைகள் நீண்டன. "முவோ கோ? முவோ கோ?" மான் எங்கே, மான் எங்கே என்று சிங்களத்தில் பிள்ளைகள் கத்துவார்கள். தமிழ் வேன் என்றால் அதையே தமிழில் கத்துவார்கள். சிலர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, தேயிலைச் செடிகளுக்குள் கூர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் மலையில் மான் இருந்ததாக எங்கள் பாட்டன் காலத்தில்கூடக் கதை கிடையாது.

ஒருநாள் ஒரு கனவான், கழுத்தில் கெமராவோடு ரோட்டோரம் பதுங்கி நிற்கிறார். மேலேயிருந்து பெண்கள் பேசிக்கொண்டு, கூடையும் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்குமாக இறங்கி வருகிறார்கள். அவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றார். மான் கலைந்துவிடுமாம். இன்னொரு கையால் என் தங்கச்சியை ஒதுங்கச் சொன்னார். அவள் ஒதுங்கினாள். அவளுடைய மலையில், அவள் காலை ஒடித்த ரோட்டில், இல்லாத மானுக்காக அவள் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கினாள். நான் லொறியில் இருந்தபடியே நீளமாக ஹோர்ன் அடித்திருக்கலாமே என்று பிறகு யோசித்தேன். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை.

மூன்று சீசன் அப்படிப் போயிற்று. ஒருத்தர்கூட அடிபடவில்லை. அதற்காக அந்த மானை எனக்குப் பிடித்துப்போய்விடவில்லை. பார்க்கப் பார்க்க வெறுப்புதான் ஏறியது. நிறுவைக்குப் போகிற வழியில் தினம் அது என்னை இளித்துக்கொண்டு நின்றது.

பிறகு அந்தச் சின்னதொரைக்கு வட்டகொடைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவரிடம் தலைவர் பேசினார். நீங்களே ஒரு போர்டு செய்து கொண்டுவந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபனை இல்லை என்றார் அவர். மஸ்கெலியாவில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுகிறவரிடம் போனேன். தகரத்தில் மஞ்சள் அடித்து, தலையில் துணி சுற்றி, முதுகில் கூடை தொங்க நடக்கிற ஒரு பெண்ணைக் கறுப்பில் வரைந்து தந்தார். ரொம்ப நன்றாக வந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பகல் நிறுவைக்குக் கொஞ்சம் முந்தி, ஏணியைக் கம்பத்தில் சாத்தி ஸ்பேனரோடு ஏறினேன். முதல் நட்டைத் தளர்த்திக்கொண்டிருக்கும்போது என் தங்கச்சி மலையிலிருந்து இறங்கி வந்தாள்.

"என்னண்ணே செய்றீங்க?"

"இந்தக் கருமத்தக் கழட்டிட்டு ஒங்க பொம்பளைங்க படத்தப் போடப்போறேன். அந்தா, லொறி டயர்ல சாத்தி வச்சிருக்கு பாரு."

போய்ப் பார்த்தாள். கூடையை இறக்காமலே குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வேணாம்ணே. மானே இருக்கட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒனக்கு வெக்கமா இல்லியா? மானுக்கு நிக்கிறவனுங்க மனுசிக்கு நிக்க மாட்டானுங்களா? அன்னைக்குப் பனியில ஒன்ன தெரியாமத்தானே அடிச்சான். தெரிஞ்சா நிப்பாட்டியிருப்பான்ல?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கொழுந்து நிறையைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"தெரியாமயா? அவன் என் மூஞ்சிய நேராப் பாத்தான்ணே. பாத்துட்டுத்தான் ஹோர்ன் அடிச்சான், நான் ஓடிருவேன்னு. இத்தன நாளு நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்க என் படத்த வேற மாட்டுனா, இன்னொரு தடவ பாப்பான். அவ்வளவுதான்."

கீழேயிருந்து ஒரு வேன் வந்தது. போர்டைக் கண்டதும் மெதுவாகி, நின்றேவிட்டது. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் கழுத்தை நீட்டி மேலே தேயிலையைத் தேடினார்கள். என் தங்கச்சி கூடையைச் சரிசெய்துகொண்டு ரோட்டில் இறங்கினாள். சாய்ந்து சாய்ந்து, அவசரமே இல்லாமல், வேனின் மூக்குக்கு முன்னாலேயே கடந்து மடுவத்துக்குப் போனாள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

நான் தளர்த்திய நட்டைத் திரும்ப இறுக்கினேன்.