எதிரே யாரும் வராத வளைவும், வடகவுஞ்சி வளைவும்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு கமெண்ட். பழனி – கொடைக்கானல் மலைப்பாதையில் வளைவை வெட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் வருகிறவர்களைத் திட்டி, போன மாதம் இதே பக்கத்தில் ஒரு பதிவு போட்டிருந்தேன். அதற்குக் கீழே ஒருவர், பெயர் போடாத மகராசன், இப்படி எழுதியிருந்தார்: "மலை டிரைவர்களுக்கு வளைவில் ஒதுங்கத்தான் தெரியும், ஓட்டத் தெரியாது. நீங்கள் வெட்டுவது என்று சொல்வதற்குப் பெயர் ரேசிங் லைன். அது சயின்ஸ். முதலில் ஒரு நாள் ரேஸ் டிராக்கில் ஓட்டிக் காட்டுங்கள் மேடம், அப்புறம் அட்வைஸ் பண்ணலாம்."

எனக்குச் சுருக்கென்றது. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், நான் கொடைக்கானலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பத்து வருடமாக இந்த வளைவுகளில்தான் பிழைப்பு. என்னிடம் கார் பழகிக்கொண்டிருந்த சுமதி, வடகவுஞ்சிக்காரி, ஆறு மாதத்துக்கு முன்னால் ஸ்கூட்டியில் தன் பக்கம் தான் உண்டு என்று போனவளை, இந்த சயின்ஸ் படித்த ஒருத்தன் வளைவில் வந்து தட்டிவிட்டுப் போனான். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிவை அவளுக்காகத்தான் எழுதினேன். அதனால் யோசிக்காமல் பதில் போட்டேன்: "ஓட்டிக் காட்டுகிறேன். முடியவில்லை என்றால் பதிவை எடுத்துவிடுகிறேன்."

போட்ட பிறகுதான் யோசனையே வந்தது. ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் டிராக்கில் பொதுமக்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைக்கிறார்கள். கார் அவர்களுடையது, ஹெல்மெட்டும் கொடுக்கிறார்கள். மதியச் சாப்பாடு சேர்த்து என்னிடம் ஒன்பதாயிரம் வாங்கினார்கள். காலையில் பயிற்சியாளரோடு ஓட்ட வேண்டும். அவர் சரி என்று கையெழுத்துப் போட்டால், சாயங்காலம் தனியாக ஓட்ட விடுவார்கள். கையெழுத்து இல்லையென்றால் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆக, என் பதிவின் தலையெழுத்து அந்தக் கையெழுத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கொடைக்கானலிலிருந்து கிளம்பினேன். பழனிக்கு அறுபத்துநான்கு கிலோமீட்டர், பெருமாள்மலையில் பிரிந்து, சவரிக்காடு வழியாக இறங்க வேண்டும். இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையிலேயே கருகல் வாடை வரும். வரதமாநதி அணை கண்ணில் பட்டதும் காது அடைப்பு விட்டுவிடும், சமவெளிச் சூடும் முகத்தில் அடிக்கும். ஐந்தே முக்காலுக்குப் பழனியில் நாத்தனார் டெய்சி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன்.

டெய்சி ஆஸ்பத்திரியில் நர்ஸ். என்னைவிட எட்டு வயது சின்னவள், வாய் மட்டும் எட்டு வயது பெரியது.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்ங்கிற கதையா இருக்கு மதினி. எவனோ பேரு தெரியாதவன் எழுதுனதுக்கு ரோசப்பட்டு ரேஸ் ஓட்டப் போவாங்களா?"

"நீ வர்றியா இல்லையா?"

"வராம? நீங்க விழுந்தா தூக்குறதுக்கு ஒரு நர்ஸ் வேணும்ல. வெள்ளனே கிளம்பிருவோம்."

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பி, உடுமலைப்பேட்டையில் இட்லி சாப்பிட்டு, எட்டரைக்கு டிராக்கில் இருந்தோம். என் வண்டி டிரைவிங் ஸ்கூல் வண்டி. முன்னாலும் பின்னாலும் சிவப்பு எல் எழுத்து, இடது பக்கம் எனக்கென்று தனி பிரேக், தனி கிளட்ச். வாசலில் நின்றிருந்த பையன்கள் அந்த எல் போர்டைப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அதில்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். ஹெல்மெட்டுக்குள் கொண்டை நுழையவில்லை, அவிழ்த்துப் பின்னிக்கொண்டேன்.

பயிற்சியாளர் கார்த்திக், சென்னைப் பையன், முப்பது வயது இருக்கும். நன்றாகவே சொல்லிக்கொடுத்தார், குறை சொல்ல மாட்டேன். அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்னால், ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். திருப்பிக்கொண்டே பிரேக் மிதித்தால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். வளைவுக்குள் வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, உள் ஓரத்தைத் தொட்டு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் வளைவு நீண்டுவிடும், அதே வேகத்தில் வண்டிக்குச் சிரமம் குறையும். உள் ஓரத்தைத் தொடும் இடத்துக்கு அபெக்ஸ் என்று பெயர். அதை அவசரப்பட்டு முன்னாலேயே தொட்டால் வெளியே போகும்போது சாலை பத்தாது.

கேட்க எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது. மற்ற வளைவுகளில் தட்டுத் தடுமாறியாவது சமாளித்தேன். நீண்ட நேர்ப்பாதை முடிந்ததும் வருகிற இடது வளைவில்தான் மாட்டிக்கொண்டேன். டயர் அடுக்கிய சுவர் மறைப்பதால் மறுபக்கம் தெரியாது. வண்டி அங்கே நூறைத் தாண்டி வரும். எண்பதுக்குக் குறைத்து, வலது ஓரத்திலிருந்து நுழைய வேண்டும்.

வலது ஓரம். கண் மறைத்த இடது வளைவில், வலது ஓரம். மலையில் அது எதிரே பஸ் வருகிற இடம். நான் பத்து வருடமாக ஒவ்வொரு மாணவரின் ஸ்டியரிங்கையும் பிடித்து இழுத்து, "அங்க போகாதே, அங்க போகாதே" என்று கத்தின இடம்.

கை வரவில்லை. மூளை வலதுக்குப் போ என்றது, கை இடதிலேயே நின்றது. இடது ஓரத்திலிருந்தே நுழைந்தேன், வளைவு குறுகியது, வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போய்ப் புல்லில் இறங்கியது. போதாக்குறைக்கு, நுழையும்போதே ஹாரனையும் அடித்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, ஒவ்வொரு சுற்றிலும். ஒளிப்பானேன், எதிரே யாராவது வந்தால் கேட்கட்டுமே என்று கட்டைவிரல் தானாகப் போய்விட்டது. மூன்றாவது முறை வண்டி அரைச்சுற்று சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் டெய்சி சிலுவை போட்டுக்கொண்டது தெரிந்தது.

"மேடம், இது ஒன்வே. எதிர்ல யாருமே வர மாட்டாங்க," என்றார் கார்த்திக்.

"தெரியுதுப்பா. கைக்குத் தெரிய மாட்டேங்குது."

"மலைப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது மேடம். ஒண்ணு பண்ணலாம். நீங்க பக்கத்து சீட்ல உட்காருங்க. நான் ஓட்டிக் காட்டுறேன், நல்லா என்ஜாய் பண்ணுங்க."

அவர் இதமாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"பத்து வருசமா பக்கத்து சீட்லதாம்ப்பா உட்கார்ந்திருக்கேன். இன்னைக்கு உட்கார மாட்டேன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் நான் இடது சீட்டில் இருக்கிறேன். என் கண் சாலையின் இடது விளிம்பிலேயே பழகிவிட்டது. எல்லோரும் சாலையைப் பார்ப்பார்கள், நான் பள்ளத்தைப் பார்ப்பேன். அது என் தொழில். அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஆனால் அதை வைத்து இந்த வளைவை எடுக்க முடியாது.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் டிராக் காலியாக இருந்தது. அந்த வளைவை நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்டேன். கார்த்திக் முதலில் தயங்கினார், பிறகு தயிர்சாதப் பொட்டலத்தோடு கூடவே வந்தார். இடது ஓரமாக நடந்தால் டயர் சுவர்தான் தெரிந்தது. அப்படியே சாலையைக் கடந்து வலது ஓரத்துக்குப் போனேன். வளைவின் வயிறு முழுக்கத் திறந்தது. அந்தப் பக்கம் புல், அதற்கப்புறம் விளம்பரப் பலகை, அதற்கப்புறம் அடுத்த நேர்ப்பாதையின் ஆரம்பம் வரைக்கும் தெரிந்தது.

இது எனக்குத் தெரிந்த பாஷை. மலையில் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, பக்கத்து வளைவைப் பார்க்காதே, அதற்கு அடுத்த வளைவைப் பார் என்பதுதான். மேலே பஸ்ஸின் கூரை தெரிந்தால், கீழே வருவதற்குள் நாம் தயாராகிவிடலாம். கண் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் வேகம். அப்படியென்றால் இந்த வலது ஓரம் எதிரே வருகிறவருக்குச் சொந்தமான பக்கம் இல்லை. தூரம் தெரிகிற இடம், அவ்வளவே. இங்கே எனக்காக ஒருத்தரும் ஒதுங்க வேண்டாம், நானும் ஒருத்தருக்கும் ஒதுங்க வேண்டாம்.

"அந்த விளம்பரப் பலகையைப் பார்த்துக்கிட்டே திருப்புனா சரியா வருமா?" என்று கேட்டேன்.

கார்த்திக் வாயிலிருந்த சோற்றை முழுங்கிவிட்டு, நான் நின்ற இடத்தில் வந்து நின்று பார்த்தார். "சரியா வரும் மேடம்," என்றார்.

மூன்று மணிக்குக் கடைசி வாய்ப்பு. கார்த்திக் பக்கத்தில். நேர்ப்பாதையில் வலது ஓரத்துக்குப் போனபோது நிஜமாகவே பயம். பிரேக்கை நேராக மிதித்து முடித்தேன். கண்ணைச் சுவரிலிருந்து பிடுங்கிப் பலகையில் வைத்தேன். திருப்பினேன். உள் ஓரம் இடது சக்கரத்துக்கு அடியில் வந்து போனது. ஸ்டியரிங் நேராக நேராக ஆக்சிலேட்டரைக் கொடுத்தேன், வண்டி தானாக வெளி ஓரத்தில் போய்ச் சேர்ந்தது. அடுத்த சுற்றிலும் அப்படியே. அதற்கடுத்த சுற்றில், வேண்டுமென்றே, வளைவுக்குள் நுழையும்போது ஒரு ஹாரன் அடித்தேன்.

கார்த்திக் சிரித்துவிட்டார். கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் நான் தனியாக எட்டுச் சுற்று ஓட்டினேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை, விட்டுவிடுகிறேன்.

அன்றிரவு பழனியில் தங்கினோம். ஞாயிறு காலை ஏழு மணிக்கு மலை ஏறினோம், கொடைக்கானல் சர்ச்சில் பத்து மணிப் பூசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கு. டெய்சிக்கு மலை ஆகாது. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, "வெரசா போகாதீங்க மதினி, அந்த டிராக்குன்னு நெனச்சுராதீங்க" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். நான் முப்பதில்தான் போனேன்.

வடகவுஞ்சிப் பிரிவுக்கு முன்னால் அந்த வளைவு. சுமதி விழுந்த அதே இடம். எனக்கு இடது வளைவு, பாறை மறைக்கும். மேலிருந்து இறங்குகிறவனுக்கு அது வலது வளைவு. முந்தின நாள் வரைக்கும் அங்கே ஒருவன் வெட்டினால் குத்துமதிப்பாக நம் பக்கம் வருவான் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அவன் எங்கே இருப்பான் என்று துல்லியமாகத் தெரியும். அவனுடைய அபெக்ஸ் என் பக்கத்துப் பாறையடி. முழுக்க என் லேனுக்குள்.

ஹாரனை விடாமல் அழுத்தினேன். மேலே டயர் கிறீச்சிட்டது. வளைவுக்குள் நுழையாமல் நிறுத்திவிட்டேன். ஒரு வெள்ளைக் கார் என் பக்கத்தில் வந்து, பிரேக் அடித்து, எல் போர்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. டெய்சியின் கால் தன் பக்கத்து பிரேக்கைத் தரையோடு மிதித்துக்கொண்டிருந்தது. அப்படி ஒரு பெடல் அங்கே இருப்பதே அதுவரை அவளுக்குத் தெரியாது.

கார்க்காரப் பையன் கண்ணாடியை இறக்கினான். "அக்கா, கொஞ்சம் பின்னாடி எடுங்க, போயிடுறேன்."

"எடுக்க மாட்டேன். ஏறுற வண்டிக்குத்தான் வழி. நீ எடு."

"நான் கண்ட்ரோல்லதான் வந்தேன்கா. இதுதான் கரெக்ட் லைன். யூடியூப்ல பாருங்க."

"தெரியும் தம்பி. நேத்து முழுக்க அதுலதான் ஓட்டிட்டு வர்றேன். அங்க எதிர்ல ஆள் வராது. இங்க வருவாங்க. இதே எடத்துல ஒரு பொண்ணு காலை ஒடச்சிட்டுப் போயிருக்கான் உன்ன மாதிரி ஒருத்தன்."

எனக்குப் பின்னால் காய்கறி ஏற்றப் போகும் வேன் ஒன்று, அதற்குப் பின்னால் பஸ். யாரும் அவனுக்கு வழி விடவில்லை. அவன் மேட்டில் பின்னால் எடுக்க நான்கு தடவை முயற்சி செய்தான், கிளட்ச் வாடை வந்தது. முன்னால் போக அவ்வளவு வேகம் தெரிந்தவனுக்குப் பின்னால் எடுக்க வரவில்லை.

"நம்ம ஸ்கூல்ல சேர்ந்துக்கிடச் சொல்லுங்க மதினி," என்றாள் டெய்சி, எலுமிச்சம்பழத்தை எடுக்காமலே. ஐந்தாவது தடவைதான் அவன் வண்டி ஒருவழியாகப் பின்னால் போய் ஒதுங்கியது. பூசைக்குப் பத்து நிமிடம் தாமதம்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். டிராக் பயிற்சிக்குக் கட்டாயம் போங்கள், பெண்கள் அவசியம் போங்கள். மெல்லிய அடிப்பாகம் உள்ள ஷூ போட்டால் பெடல் தெரியும். பயமுறுத்துகிற வளைவை முதலில் நடந்து பாருங்கள், கேட்டால் விடுவார்கள். ஹாரனுக்காக யாரும் ஃபெயில் பண்ணுவதில்லை. கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளில் வருகிறவர்கள் இ-பாஸ் விவரத்தைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். போக வர, டிராக்கையும் சேர்த்து, எனக்கு முந்நூற்றைம்பது கிலோமீட்டர் ஆனது.

டிராக்கில் படித்ததில் மூன்றை மலைக்குக் கொண்டுவரலாம்: நேராக இருக்கும்போதே பிரேக்கை முடிப்பது, தூரத்தில் கண் வைப்பது, ஸ்டியரிங் நேராகும்போது மட்டும் வேகம் கொடுப்பது. அந்த ரேசிங் லைனை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அங்கே சாலை முழுவதும் உங்களுடையது. இங்கே பாதிதான்.

கமெண்ட் போட்ட மகராசனுக்கு: ஓட்டிக் காட்டிவிட்டேன். சயின்ஸ் உண்மைதான், அருமையான சயின்ஸ். ஆனால் பதிவை எடுக்க மாட்டேன். அது அங்கேயேதான் இருக்கும்.

சுமதிக்குக் கம்பியோடு ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளைக் காலை அவளுக்கு மறுபடி கிளாஸ். எங்கே ஆரம்பிக்கலாம் என்று போனில் கேட்டேன். அந்த வளைவிலேயே ஆரம்பிக்கலாம் அக்கா என்றாள்.