வாங்கணிக்குப் போன முட்டிப்பட்டை

சனிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்குச் செம்பூர் வீட்டிலிருந்து கிளம்பியபோது என் தோளில் ஒன்பது கிலோ இருந்தது. போன வருஷம் இதே வேலைக்குப் பதினெட்டு கிலோ சுமந்து போய், திரும்பி வந்து ஒரு வாரம் முதுகைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் போனேன். பாதியாகக் குறைத்ததில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல அது மிஞ்சாது.

வேலை என்னவென்றால், விண்மீன்களைப் படம் எடுப்பது. செம்பூர் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் நிலாவும் விமானமும்தான் தெரியும். இருட்டு வேண்டுமென்றால் கர்ஜத் போகும் லோக்கல் ரயிலில் ஏறி, கல்யாணையும் உல்லாஸ்நகரையும் தாண்டி வாங்கணியில் இறங்க வேண்டும். தாதரிலிருந்து எழுபது கிலோமீட்டர் போல. ஸ்டேஷனுக்கு வெளியே கொஞ்சம் நடந்தால் அறுவடை முடிந்த நெல் வயல்கள். வானம் பிழைத்திருக்கும் இடம்.

பூமி சுழல்வதால், கேமராவைச் சும்மா திறந்து வைத்தால் விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டுவிடும். அதற்குச் சரிக்கட்டிக் கேமராவை மெல்லத் திருப்பும் கருவிக்கு டிராக்கர் என்று பெயர். என் சாமான்களில் விலை உயர்ந்தது அதுதான், அடிபட்டால் தாங்காததும் அதுதான். அதன் மறுபக்கம் பாரம் சரியாக நிற்க இரும்புக் குண்டு ஒன்று தருவார்கள். அதை வீட்டில் விட்டுவிட்டு, மகன் தொடாமல் போட்டிருந்த டம்பெல்லிலிருந்து ஒரு கிலோ தட்டைக் கழற்றிக்கொண்டேன். இருட்டுக்குப் பழகிய கண் கூசாமலிருக்க, டார்ச்சின் மேல் சுற்ற இனிப்புப் பெட்டியின் சிவப்புக் கண்ணாடித்தாள். பனி இறங்கினால் லென்ஸ் வியர்த்துவிடும், அதற்குச் சூடு காட்ட ஒரு பட்டை வேண்டும். கேமராக் கடைகளில் கேட்ட விலைக்கு மயக்கம் வந்தது. மாட்டுங்காவில், ஆபீஸுக்கு எதிரே இருக்கும் மருந்துக் கடையில் முட்டிவலிக்காரர்கள் கட்டிக்கொள்ளும் மின்சாரப் பட்டை ஒன்று தொங்கியது. பவர்பேங்கில் செருகினால் இதமாகச் சூடேறும். லென்ஸில் சுற்றிப் பார்த்தேன். தைத்து வைத்தது போல உட்கார்ந்தது.

"வானத்தைப் பாக்கப் போறேளா, ஆஸ்பத்திரில சேரப் போறேளா?" என்று என் மனைவி வித்யா கேட்டாள். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பாகங்களைப் பரப்பியிருந்ததில் அவளுக்குக் கோபம்.

செம்பூரிலிருந்து சயானுக்கு ஆட்டோ. அங்கிருந்து நடந்து தாராவி, தொண்ணூறு அடி சாலை. மூன்று கால் ஸ்டாண்டுக்கு நீளமான உறை ஒன்று தைக்கக் கொடுத்திருந்தேன். உள்ளே ஸ்பாஞ்ச், வெளியே கறுப்பு ரெக்ஸின், அறுநூற்றைம்பது ரூபாய். ஸ்டாண்டை உள்ளே செருகியதும் கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன அண்ணாச்சி, கக்கத்துக் கட்டையா?" என்றார். நானும் சிரித்தேன்.

இரண்டரை மணிக்குத் தாதர். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் விட்ட கூட்டம். பொதுப் பெட்டியின் வாசலில் ஆட்கள் பிதுங்கிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சுமையோடு நான் ஏற வேண்டியது லக்கேஜ் டப்பா, சாமான் ஏற்றுகிறவர்களுக்கான பெட்டி. அதில் ஈரம் சொட்டும் மீன்கூடைகளும், கயிறு கட்டிய ஒரு பீரோவும் ஏறுவதைப் பார்த்தேன். என் டிராக்கர் அந்த பீரோவின் காலடியில் கிடப்பது கண்முன் வந்தது. பக்கத்திலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி. உள்ளே காற்று வந்தது, இடமும் இருந்தது. தாணே வரைக்கும்தானே, அங்கே மாறிக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டேன்.

உட்கார்ந்ததும் வித்யாவுக்குப் போன். "ஏறிட்டேன். சீட்டும் கெடச்சுடுத்து."

"நம்மாளா? மாட்டுங்கா பக்கமோ?" என்றது, என் தமிழைக் கேட்ட பக்கத்துக் குரல். கறுப்புக் கண்ணாடி போட்டவர், மடியில் மொபைல் கவர்கள் நிறைந்த பை, கையில் மடக்கிய வெள்ளைக் கோல். அவருக்கு அந்தப் பக்கம் மனைவி, அவருக்கும் பார்வை இல்லை. பெயர் முருகேசன், மனைவி செல்வி, பிறந்து வளர்ந்தது தாராவி, இப்போது வாங்கணியில் வீடு என்று குர்லா வருவதற்குள் சொல்லிவிட்டார். வண்டிகளில் விற்கும் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் வாங்கணியில்தான் குடியிருக்கிறார்கள். அங்கே வாடகை குறைவு.

என் பையின் வாய் திறந்திருந்தது. வண்டி குலுங்கியபோது அவர் கை தற்செயலாக அதன்மேல் விழுந்தது. விரல்கள் பட்டையைத் தடவின.

"முட்டிக்குக் கட்டுறதா? எங்கம்மாவுக்கும் வாங்கிக் குடுத்தேன். ரொம்ப வலியா அண்ணாச்சி?"

இல்லை, இது லென்ஸுக்கு என்று சொன்னால், பிறகு ஏன் இந்தப் பெட்டியில் என்ற கேள்வி வரும். எதிரே ஒற்றைக் கையுள்ள ஒரு மனிதர் வெகுநேரமாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்" என்றேன்.

செல்வி நீள உறையைத் தொட்டுப் பார்த்தார். "பாவம், கட்டையும் கொண்டு வந்திருக்காக."

உறையை மெல்ல என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

தாணேயில் மாறவில்லை. எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தால் ஒற்றைக் கைக்காரர் பார்ப்பார். எனக்குப் பதிலாக அங்கே ஒருவர் ஏறினார், இரண்டு கக்கத்திலும் கட்டை ஊன்றியவர். பெட்டி அதற்குள் நிறைந்திருந்தது. நான் எழுவதற்கு முன்னால், கட்டை தரையில் ஊன்றும் சத்தம் கேட்டு முருகேசன் எழுந்துவிட்டார். எழுவதாக இருந்தேனா என்பதே எனக்கு நிச்சயமில்லை. அவர் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"நீங்க இருங்க அண்ணாச்சி. எனக்குக் கண்ணுதான இல்ல, காலு ஏக்தம் ஃபர்ஸ்ட் க்ளாஸ்."

பெட்டியே சிரித்தது. என் முகம் எரிந்தது. டோம்பிவிலியில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கல்யாணில் நினைத்தேன். உல்லாஸ்நகரில் கொஞ்சம் இடம் காலியானதும் நிம்மதி அடைந்தேன், ஆனால் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து வண்டி வண்டியாக ஏறி இறங்கி விற்ற மனிதர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல இரண்டு காலோடு நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நாற்பத்தாறு வயதில் இப்படி ஒரு அசிங்கம் எனக்கு நேர்ந்ததில்லை. நேரவில்லை, நானே செய்துகொண்டேன்.

நாலு மணி தாண்டி வாங்கணி. வண்டியை விட்டு இறங்கினால் தப்பித்தேன் என்றிருந்தேன். முருகேசன் விடவில்லை.

"பாலம் ஏறணும். என் தோள்ல கை வைங்க. படியெல்லாம் எனக்குப் பாடம். செல்வி, அவரு சின்னப் பைய வாங்கு."

செல்வி என் பவர்பேங்க் பையை வாங்கிக்கொண்டார். ஒற்றைக் கைக்காரரும் பின்னாலேயே இறங்கியிருந்தார். நான் முருகேசன் தோளில் கை வைத்து, படிக்குப் படி பைக்குள் டம்பெல் தட்டு டங் என்று மோத, நொண்டிக்கொண்டு ஏறினேன். எவ்வளவு யோசித்தும் இன்றுவரை எனக்கு நம்பமுடியாத காட்சி அது. பார்வையில்லாத ஒருவர் கோல் தட்டி வழிகாட்ட, அவருக்குப் பின்னால், அவரால் பார்க்கவே முடியாத ஒரு நொண்டலை நான் நடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் இறங்கியதும் ஒற்றைக் கைக்காரர் எங்களைக் கடந்து சந்தையில் மறைந்தார்.

செல்வி பையை நீட்டினார். முருகேசன் கோலை ஊன்றி நின்றார்.

"ஏறும்போது வலது காலு இழுத்துச்சு, எறங்கையில எடது காலு" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"ஒழுங்கா நடந்து போங்க அண்ணாச்சி. இங்க யாரும் பாக்கல."

அன்று எடுத்த படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாகங்கள் எல்லாம் பிசகாமல் பொருந்தின. டம்பெல் தட்டு பாரத்தைச் சரியாக ஈடுகட்டியது. முட்டிப்பட்டை லென்ஸைச் சுற்றி இதமாக இருந்தது, ஒரு துளிப் பனி ஒட்டவில்லை. ஓரியன் என்ற விண்மீன் கூட்டத்தில், வேடனின் இடுப்புக்குக் கீழே இருக்கும் ஒளிமேகம் ரோஜா நிறத்தில் விழுந்தது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். பார்த்தவர்கள் எல்லோரும், இவ்வளவு சாமானையும் லோக்கலில் எப்படிக் கொண்டு போனீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேச்சை மாற்றிவிடுகிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரும்ப வாங்கணி பிளாட்பாரம். மாற்றுத்திறனாளிகள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் முருகேசனும் செல்வியும் நின்றிருந்தார்கள், தோளில் சரக்கோடு. மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல வேளை கிடைக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சாக்ஸ் காலோடு, பூனை மாதிரி அவர்களைக் கடந்து போனேன். தரை ஜில்லென்று இருந்தது.

பாதி தாண்டியிருப்பேன். பைக்குள் டம்பெல் தட்டு டிராக்கரின் தண்டில் மோதி, டங் என்றது.

முருகேசன் தலையைத் திருப்பவில்லை. செல்வியிடம் பேசுவது போல, ஆனால் பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"லக்கேஜ் டப்பா இன்னும் கொஞ்சம் முன்னால போய் நிக்கும்."