தயிர்ச் சட்டிக்குப் பின்னால் எழுபது நாள்

"பெயர்: யே. சூசையம்மா. பதவி: திறனற்ற தொழிலாளி, தற்காலிகம். கடமை: கூட்டுதல், தேநீர் தயாரித்தல். தொழில்நுட்பப் பொறுப்பு: இல்லை."

அப்புத்தளைக்குக் கீழிருந்த விதைப் பண்ணையின் கோப்பில் 1993 முதல் பதினொரு வருடம் அவர் இப்படித்தான் வாழ்ந்துவந்தார். 'தற்காலிகம்' என்ற சொல் மட்டும் போய்த் தொலைந்தால் போதும் என்பது அவருடைய ஒரே வேண்டுதல்.

பண்ணை அதிகாரி இளையதம்பி யாழ்ப்பாணத்தார். கோவா என்கிற முட்டைக்கோஸை இங்கேயே பூக்கவைத்து விதை எடுப்பதாக மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, ஓமோன் என்னும் வளர்ச்சி மருந்தை வாங்கித் தெளித்தார். கோவா அவர் உயரத்துக்கு வளர்ந்தது, பூக்கவில்லை.

"கொடிக்கம்பமாட்டம் நிக்குதுங்க ஐயா. சுதந்திர தினத்துக்கு ஆகும்."

"நக்கலோ, சூசையம்மா?"

சூசையம்மாவிடம் வேறொரு கணக்கு இருந்தது. முந்தின வருடம், தான் குடியிருந்த லயத்துக்குக் கொண்டுபோக ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் வேரோடு ஒளித்துவைத்த கோவா ஒன்றை மறந்தேபோனார். கண்டெடுத்தபோது அழுகாமல் இருந்ததால் நட்டுவைத்தார். அது பூத்தது. இந்த வருடம் மறக்காமல் ஆறு வைத்தார். ஆறும் மஞ்சளாய்ப் பூத்தன.

இளையதம்பி வாய் பிளந்தார். "என்ன மருந்து அடிச்சனீங்கள்?"

"உங்க தயிர்ச் சட்டிக்குப் பின்னால எழுபது நாள் கெடந்துச்சுங்க. குளிர் பட்டாத்தான் அதுக்குப் புத்தி வருது."

குளிர் என்றதும் படித்தது நினைவுக்கு வந்து, இளையதம்பி அரைமணி நேரம் விளக்கினார்: கோவாவின் உயிர்க்கலங்களில் பூவைத் தடுக்கும் மரபணு ஒன்று விழித்திருக்கிறது, நீண்ட குளிரில் அதைச் சுற்றியுள்ள குரோமற்றின் என்னும் இழை இறுகிச் சுருண்டு அதன் வாயை அடைக்கிறது, குளிர் போன பிறகும் அடைத்தது அடைத்ததுதான். அதுவரை ஓமோன் தண்டைத்தான் நீட்டும்.

"அதத்தானுங்க நானும் சொன்னேன்."

நல்ல மனிதர்; அறிக்கையில் சூசையம்மாவின் பெயரையும் எழுதினார். அதே வாரம் பதுளையிலிருந்து சூசையம்மாவுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது: தகைமையின்றித் தொழில்நுட்ப வேலை பார்த்தவர்களுக்கு நிரந்தர நியமனம் இல்லை.

"ஐயா, எம்பேர எடுத்துடுங்க."

"அது பொய்யெல்லோ?"

"பதினொரு வருசமா கோப்புல இருக்குறது மட்டும் உண்மைங்களா?"

இளையதம்பி பேனாவால் பெயரை வெட்டினார்.

பதுளையில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து கேட்டார்கள்: "என்ன வேலை செய்றீங்க?"

"கூட்டுறேங்க. தேத்தண்ணி ஊத்துறேங்க."

திறனற்றவர் என்பதில் ஐயமில்லை என்று கண்டு நிரந்தரமாக்கினார்கள்.

2004இல் அந்தப் பண்ணையில் கோவாவைப் பூக்கவைத்தவர் சூசையம்மா.