பென்சில் புள்ளிகள்: ஸ்ரீரங்கத்தில் பதினாறு நாள்

பிப்ரவரி 2, திங்கட்கிழமை. விழுப்புரத்தில் காலை 9.40க்கு ரயில் ஏறினேன். முன்பதிவில்லாத பெட்டி, கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். ஸ்ரீரங்கம் வரை நூற்றறுபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். 12.25க்குக் கொள்ளிடம் பாலத்தில் சக்கரங்களின் ஓசை மாறியது. ஆற்றில் மணல் நிறைய, தண்ணீர் ஒரு ஓரமாக. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டேன்.

கோயில் பிராகாரங்களில் இருக்கும் தேதியிட்ட கற்களைப் படித்து வரிசைப்படுத்துவது, ஓய்வு பெற்ற பிறகு நானாகப் பிடித்துக்கொண்ட வேலை. இந்த முறை நான்கு நாள் போதும் என்று கணக்கிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை திரும்ப டிக்கெட் எடுத்தாகிவிட்டது. தங்குவது வைதேகி வீட்டில். தொலைபேசி அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். அவளுக்கு ஐம்பத்தேழு, எனக்கு ஒரு வயது கூட. வைதேகி என்பது அவள் பெயர் அல்ல. "எல்லாத்தையும் எழுதுடி, பேரை மட்டும் மாத்திடு" என்று அவளே பிறகு சொன்னாள்.

ஸ்டேஷனிலிருந்து வடக்குச் சித்திரை வீதிக்கு ஆட்டோ எண்பது ரூபாய். கதவைத் திறந்தவளைப் பார்த்ததும், "என்னடி இப்படி இளைச்சுட்ட?" என்றேன்.

"உபவாசம். நீயும் இருந்து பாரு, இந்த உடம்பு கொஞ்சம் இறங்கும்" என்றாள். சிரித்துவிட்டேன். அந்த வரியை அன்றைய குறிப்பில் வேடிக்கையாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 3, செவ்வாய். காலை 5.30க்குக் குளித்துத் தயாராக நின்றேன். விடியலில் முதல் தரிசனமான விஸ்வரூப சேவைக்கு அவளோடு போவதுதான் எங்கள் வழக்கம். ஐம்பத்தோராவது வயதில் மாதவிலக்கு நின்றபோது, "இனிமே மாசத்துல முப்பது நாளும் பெருமாள் எனக்குத்தான்டி" என்று போனில் குதூகலித்தவள் அவள். அன்று முதல் ஊரில் இருந்த நாளெல்லாம் போய்க்கொண்டிருந்தாள்.

"நீ சேவிச்சுட்டு வா. எனக்கு முழங்கால்."

நான் தனியாகப் போனேன். திரும்பி வந்தபோது அவள் கணவர் சம்பத் காபியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பூஜை அறையில் விளக்கேற்றுவதும் இப்போது அவர்தானாம்.

"நாலு மாசமா இப்படித்தான் இருக்கா. வைகுண்ட ஏகாதசிக்குக்கூட வரலை. தைலம் மட்டும் பதினோரு பாட்டில் வாங்கியாச்சு. நீங்களாவது சொல்லுங்கோ, எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்லி."

"தைலம் கேக்கறதா?" என்று அவளிடம் கேட்டேன்.

"கேக்கறது, கேக்கறது" என்றாள் அடுக்களையிலிருந்து.

முற்பகல் பதினொரு மணிக்கு அவள் ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். பதினெட்டுப் படி. சுவரைத் தொடவில்லை. நடுவில் நிற்கவும் இல்லை. முழங்கால் வலிக்காரர்கள் படி ஏறுவதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். நோட்டில் "படி 18, பிடிமானம் இல்லை" என்று எழுதி அடியில் கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று அப்போது தெரியாது.

பிப்ரவரி 4, புதன். ஒரு கல்லின் தமிழ் மாதத் தேதியைச் சரிபார்க்கக் கூடத்துக் காலண்டரை எடுத்தேன். போன வருடத்துக் காலண்டரின் மேலேயே இந்த வருடத்தையும் ஒரே ஆணியில் மாட்டியிருந்தார்கள். ஜனவரி மாதக் கட்டங்களின் மூலையில் சின்னச் சின்னப் பென்சில் புள்ளிகள். பத்தொன்பது.

திருவிழாத் தேதிகளாக இருக்கும் என்று நினைத்தேன். ஏகாதசியோடு பொருத்திப் பார்த்தேன், சரிவரவில்லை. அமாவாசை, திருவோணம், ரேவதி எதுவும் இல்லை. பழைய காலண்டரைப் புரட்டினேன். ஆகஸ்டில் 11ஆம் தேதி மட்டும் ஒரே ஒரு புள்ளி. செப்டம்பரில் 2, 3. அக்டோபரில் மூன்று. நவம்பரில் ஆறு. டிசம்பரில் பன்னிரண்டு, அதில் வைகுண்ட ஏகாதசியும் ஒன்று. எந்தப் பஞ்சாங்கத்திலும் இப்படி மாதா மாதம் பெருகும் விசேஷம் கிடையாது.

சம்பத் கடைக்குப் போயிருந்தார். வைதேகி வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புள்ளியெல்லாம் என்னடி?"

"என்னவோ, கிறுக்கினது."

"கிறுக்கினா தேதி தேதியா வருமா?"

கத்தி நின்றது. "உன் கண்ணுல ஒண்ணும் தப்பாதே" என்றாள். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "தீட்டுடி. நின்னது திரும்ப வந்துடுத்து. ஒண்ணு ரெண்டு பேருக்கு அப்படி வருமாமே. பட்ட அன்னிக்கெல்லாம் புள்ளி வெச்சுண்டேன், கோவிலுக்கு எப்போ போலாம்னு தெரியணுமே. இப்போ நடுவுல நாளே கிடைக்கறதில்லை."

"சம்பத்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா தளிகை யார் பண்ணுவா? நான் அடுப்பைத் தொடப்படாதும்பார். அதான் முழங்கால்னேன். தினம் தைலம் தடவிக்கறேன், வாசனை வரணுமே."

பிறகு காலண்டரின் பின்னாலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள். மாநகராட்சி நலவாழ்வு மையம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை முகாம், கட்டணம் இல்லை, செப்டம்பர் 3, புதன். வீடு வீடாக வந்த நர்ஸ் கொடுத்தது.

"போகலையா?"

"அன்னிக்குப் பார்த்துப் பட்டிருந்தது. அந்த நிலைமையில ஒரு டாக்டரம்மா முன்னாடி எப்படிடி போய்ப் படுக்கறது? நின்னப்புறம் போலாம்னு இருந்தேன். முகாம் அந்த ஒரு நாள்தான்."

மாதவிலக்கு முற்றாக நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், ஒருமுறை அல்ல. ஞாயிறுதோறும் இவளோடு அரை மணி நேரம் போனில் பேசியிருக்கிறேன். கல்வெட்டு, மாமியார், விலைவாசி எல்லாம் பேசினோம். இதைப் பேசியதில்லை.

"நாளைக்குக் காலையில போறோம்" என்றேன். குரல் கொஞ்சம் அதட்டலாக வந்துவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன். காலை 7.10, திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வைதேகி இரண்டு காலண்டரையும் சேர்த்துச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு மடியில் வைத்திருந்தாள். சம்பத்திடம், காலுக்கு டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தோம்.

கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னம்மா, பிப்ரவரி வந்தப்புறம் காலண்டர் வாங்கிட்டு வரீங்க? பாதி விலைக்குக் குடுத்தாங்களா?" என்றார்.

"இதுல ஒண்ணு போன வருஷத்துது" என்றாள் வைதேகி.

"அப்போ இன்னும் சல்லிசா இருக்கும்!"

பஸ்ஸில் சிரிப்பு. அவளும் சிரித்தாள். காவிரிப் பாலம் வந்ததும் மலைக்கோட்டைப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். சத்திரத்திலிருந்து அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் நூறு ரூபாய். 7.55க்கு வரிசையில் நின்றோம்.

பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் அஞ்சலை, உப்பிலியபுரத்திலிருந்து துறையூர் வழியாக அறுபது கிலோமீட்டர் வந்தவர். நாற்பது வயதிருக்கும். ஊர் சுகாதார நிலையத்தில் பரிசோதனை செய்து, ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது, ஒரு வாரத்தில் திருச்சிக்குப் போ என்று சொன்னார்களாம். அவர் வந்தது நாலு மாதம் கழித்து.

"வெங்காயம் எடுக்கிற நேரங்க. அதுவும் போக, எங்க வீட்டுக்காரர் வலிக்குதான்னு கேட்டாரு. இல்லைன்னேன். வலிக்கலைன்னா எதுக்குப் பஸ் ஏறணும்ங்கிறாரு."

"இப்போ எப்படி விட்டாரு?" என்று வைதேகி கேட்டாள்.

"எங்க விட்டாரு? அந்த நர்சம்மா வீட்டு வாசல்லயே வந்து உக்காந்துட்டாங்க. நீ கிளம்புனாத்தான் நான் எந்திரிப்பேன்னு. அவங்களுக்கு டீ போட்டுக் குடுத்துட்டு நான் பஸ் ஏறிட்டேன்."

10.40க்கு எங்களைக் கூப்பிட்டார்கள். மருத்துவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். எப்போதிலிருந்து என்று கேட்டதும், வைதேகி ரப்பர் பேண்டைக் கழற்றி மேஜை மேல் காலண்டர்களை விரித்தாள். மருத்துவர் ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். டிசம்பரில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இவ்வளவு சரியா யாரும் தேதி சொன்னதில்லைம்மா. இவ்வளவு சரியா எழுதி வச்சவங்க ஒரு தடவை இங்க வந்திருக்கலாமே."

வைதேகி காலண்டர்களைத் திரும்பச் சுருட்டி ரப்பர் பேண்டைப் போட்டாள்.

திரைக்குப் பின்னால் பத்து நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருத்துவர் வெளியே வந்து கை கழுவியபோது என்னைப் பார்க்கவில்லை. பரிசோதனைக்குச் சதை எடுத்திருக்கிறோம், ஸ்கேனும் எடுக்க வேண்டும், முடிவு 16ஆம் தேதி என்றார்.

நர்ஸ் மட்டும் கொஞ்சம் பேசினார். "இது தீட்டே இல்லம்மா. உள்ள புண்ணு. கையில வெட்டுக்காயம் பட்டு ரத்தம் வந்தா கோயிலுக்குப் போக மாட்டீங்களா?"

"போக மாட்டேனே" என்றாள் வைதேகி. நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க கடைசியா இந்த டெஸ்ட் எப்போ பார்த்துக்கிட்டீங்க?"

என் வீட்டில் முப்பத்தொரு டைரி இருக்கிறது. மின்விசிறி மாற்றிய தேதி கேட்டால்கூடச் சொல்வேன். நர்ஸ் கேட்டதற்குச் சொல்லத் தேதி இல்லை. "பார்த்ததே இல்லைங்க" என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அஞ்சலை எழுந்து உள்ளே போனார்.

பிப்ரவரி 6, வெள்ளி. திரும்பும் டிக்கெட்டை ரத்து செய்தேன். காலை உணவுக்குப் பிறகு வைதேகி சம்பத்திடம் சொன்னாள். நான் மாடிக்குப் போய்விட்டேன். இறங்கி வந்தபோது அவர் காலித் தைல பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"முழங்கால்னு சொன்னாளே" என்றார் என்னிடம். "நானும் நம்பி வாங்கிண்டே இருந்தேனே."

அன்றிலிருந்து சமையல் அவர். ரசத்தில் உப்பு இருந்ததே இல்லை. "இதுக்குத்தான் நாலு மாசம் பொய் சொன்னேன்" என்றாள் அவள். அடுத்த ஒன்பது நாளில் நான் ஒரு கல்லைக்கூடப் படிக்கவில்லை. ஸ்கேனுக்கு ஒருநாள் போய்வந்தோம். மற்ற நாள்களில் மாடியிலிருந்து ராஜகோபுரத்தைப் பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். புள்ளி வைப்பதை அவள் நிறுத்தவில்லை, டாக்டர் கேட்பாராம்.

பிப்ரவரி 16, திங்கள். மூவரும் போனோம். 11.15க்கு முடிவு சொன்னார்கள். புற்றுநோய்தான். கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்தில் கொஞ்சம் பரவியிருக்கிறது, அதனால் அறுவை சிகிச்சை இல்லை. கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு, இருபத்தைந்து நாள், வாரம் ஐந்து. கூடவே வாரம் ஒரு ஊசி. அதன் பிறகு வாரத்துக்கு ஒன்றாக மூன்று முறை கதிர்வீச்சை உள்ளேயே வைக்கும் சிகிச்சை. குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார்.

"செப்டம்பர்லயே வந்திருந்தா?" என்று சம்பத் கேட்டார்.

"இப்போ வந்துட்டாங்க இல்ல சார்" என்றார் மருத்துவர். அந்தக் கேள்விக்கு அது பதில் இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் வைதேகி என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கணக்குப் போட்டுச் சொல்லு. 23ஆம் தேதி ஆரம்பிச்சா உத்திரத்துக்குள்ள முடிஞ்சுடுமா?"

பங்குனி உத்திரம் ஏப்ரல் முதல் தேதி. பெருமாளும் தாயாரும் ஒன்றாக எழுந்தருளும் சேர்த்தி சேவை வருடத்தில் அந்த ஒரு நாள்தான். "மார்ச் 27 வெள்ளிக்கிழமையோட இருபத்தஞ்சும் முடியறது" என்றேன்.

"அந்த மூணையும் சேர்த்துச் சொல்லுடி."

என் வாழ்க்கையில் ஒரு தேதியை மறைத்தது அதுவே முதல் தடவை. அதையும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "உத்திரம் நடுவுல வரது" என்றேன்.

"அப்போ வாசல்லேர்ந்து சேவிச்சுக்கறேன்" என்றாள். சிறிது தூரம் நடந்த பிறகு, "ரத்தம் நின்னுடுமோல்லியோ?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன்.

பிப்ரவரி 17, செவ்வாய். பிற்பகல் 1.20 ரயில். சம்பத் ஸ்டேஷன் வரை வந்து பையை ஏற்றினார். வைதேகி வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"நீ போனதும் போய்ப் பார்த்துக்கணும். பார்த்த தேதியை எனக்குச் சொல்லணும். சும்மா போறேன் போறேன்னு சொல்லப்படாது."

"போறேன்டி."

"பாரு, சொல்லிட்ட."

கொள்ளிடத்தில் அதே மணல், அதே ஓரத்துத் தண்ணீர். பெட்டியில் எதிரே மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்க வேண்டும் என்று அரியலூர் வரை நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. பன்னிரண்டு நாளுக்கு முன்னால் ஒரு நர்ஸ் என்னிடம் எவ்வளவு சுலபமாகக் கேட்டார் என்பதை நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக் காலண்டரில் சிலிண்டர் வந்த நாள், கரண்ட் பில் கட்டிய நாள், தண்ணீர்த் தொட்டி கழுவிய நாள் எல்லாம் சிவப்பு மையில் இருக்கின்றன. பிப்ரவரி 19, வியாழன், எங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்குப் போனேன். நடந்தால் பன்னிரண்டு நிமிடம். முப்பது வருடமாக அதன் வாசல் வழியாகத்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போயிருக்கிறேன். சின்ன பிரஷ் ஒன்றால் மாதிரி எடுத்தார்கள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முடிவு மார்ச் 2.

அன்று பிற்பகல் வைதேகிக்குப் போன் செய்தேன். ஹலோ கூடச் சொல்லாமல், "என்ன தேதி?" என்றாள். சொன்னேன். மறுமுனையில் பென்சில் தேடும் சத்தம் கேட்டது.

"உனக்கும் ஒரு புள்ளி வெச்சுட்டேன்" என்றாள். "ரெண்டாந்தேதி காலம்பற கூப்பிடுவேன். முதல் மணியிலேயே எடு."