லண்டன் கடிகாரம்

1998, மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு எழுந்தேன். எட்டேகாலுக்குத் தோசையும் சம்பலும். பத்துக்குப் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டேன்; பதினொன்றுக்குக் காலணிக்கு வெள்ளை பூசி வெயிலில் வைத்தேன். இரண்டு மணிக்கு மழை வந்ததால் ஒரு காலணியை மறுபடியும் பூச வேண்டியிருந்தது. மாலை ஐந்தரைக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். இவ்வளவும் என் நோட்டில் இருக்கிறது. அப்போது எனக்குப் பதினொரு வயது. மணி போட்டு எழுதும் பழக்கம் அந்த வயதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது.

அத்தை வீடு எங்களுக்கு அடுத்த கதவு. மாமா எங்கள் ஊர் ஐப்போவை ஒட்டிய ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையின் கணினி அறையில் வேலை பார்த்தார். அங்கே வேண்டாம் என்று ஒதுக்கிய யூனிக்ஸ் கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி முன்னறையில் வைத்திருந்தார். அதன் திரையைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அத்தனை பெரிய பொருளில் ஒரு விளையாட்டுகூட இல்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். வட்ட முகமும் இரண்டு முள்ளுமாக ஒரு கடிகாரம் மட்டும் இருந்தது.

அந்த ஜனவரியில் அத்தை மகன், எனக்கு அத்தான், லண்டனுக்குப் படிக்கப் போனார். விமான நிலையம் வரை யாரும் வர வேண்டாம், வீண் அலைச்சல் என்று அவரே சொல்லிவிட்டதால் நாங்கள் ஐப்போ பஸ் நிலையத்தில் கையசைத்துவிட்டுத் திரும்பினோம். அன்றிலிருந்து அத்தை நாளைக்குப் பத்துத் தடவை, “இப்ப அங்க மணி என்ன?” என்று கேட்க ஆரம்பித்தார். பதில் சொல்லி அலுத்துப்போன மாமா, திரையில் இரண்டாவது கடிகாரம் ஒன்றை வைக்க முடிவு செய்தார்.

அது சுலபமாக நடக்கவில்லை. கணினி தொடங்கும்போது படிக்கும் கோப்பு ஒன்றில், கடிகாரத்துக்கு ஒரு வரி வீதம் எழுத வேண்டும். வரியில் ஊருக்கு மூன்று எழுத்து, அதன் பின்னால் ஓர் எண். நாம் லண்டனுக்கு எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால் ஐப்போவுக்குக் கூட்டல் எட்டு என்று மாமா எழுதினார். மாலை ஆறு மணிக்குக் கடிகாரம் இரண்டு காட்டியது. கையேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அந்த இயந்திரத்துக்குக் கிழக்கே இருக்கும் ஊரெல்லாம் கழித்தல்.

“ஒங்க அம்மா மாதிரியே இருக்கு இந்த மெஷினு. எதைச் சொன்னாலும் தலைகீழாத்தான் எடுத்துக்கும்” என்றார் அத்தை.

மாமா கழித்தல் எட்டு என்று திருத்தினார். லண்டனுக்கு வெறும் சுழியம். இரண்டு கடிகாரமும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. அத்தை அதன்பின் இரண்டாவது கடிகாரத்தைப் பார்த்துத்தான் வாழ்ந்தார். இப்போது எழுந்திருப்பான், இப்போது வகுப்புக்கு நடந்துகொண்டிருப்பான் என்று சமையல் நடுவில் வந்து எட்டிப் பார்த்துச் சொல்வார்.

எனக்குத்தான் கணக்கு உதைத்தது. அத்தான் ஞாயிறுதோறும் மாலை ஏழரையை ஒட்டிக் கூப்பிடுவார். அப்போது லண்டன் முள் பதினொன்றரையில் நிற்கும். அது காலைப் பதினொன்றரை என்று மாமா சொல்லியிருந்தார். அத்தை, சாப்பிட்டாயா என்று கேட்டால், ராச்சாப்பாட்டுக்கு இனிமேல்தான் போக வேண்டும் என்பார் அத்தான். ஒரு வாரம், ஒரே வேக்காடாக இருக்கிறது என்றார். ஹீட்டர் போட்டிருப்பார்கள் என்று அத்தை எங்களுக்கு விளக்கினார். காலையில் ராச்சாப்பாடு, குளிர்காலத்தில் வேக்காடு. எல்லாவற்றையும் எழுதிவைத்தேன், ஒன்றும் விளங்கவில்லை.

அந்த ஞாயிறு மாமா கடைக்குப் போயிருந்தார். அத்தை பேசி முடித்து என்னிடம் ஃபோனைத் தந்தார். “ஒழுங்கா படிக்கிறியாலா?” என்று அத்தான் கேட்டுக்கொண்டிருந்தபோதே, அவருக்குப் பின்னால் பள்ளிவாசல் பாங்கு கேட்டது. முதல் கடிகாரம் ஏழு இருபத்தாறு. அவர் அவசரமாக வைத்துவிட்டார். ஏழு இருபத்தெட்டுக்கு எங்கள் பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது. அந்தி சாய்ந்ததும் பாங்கு சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கேயும் அந்தி, இங்கேயும் அந்தி. அப்படியானால் இயந்திரம் மறுபடியும் தலைகீழாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

மாமா திருத்துவதைப் பலமுறை பார்த்திருந்தேன். கோப்பைத் திறந்து, லண்டன் சுழியத்தை அழித்து, கழித்தல் எட்டு என்று எழுதி, கடிகாரத்தை மூடித் திறந்தேன். இரண்டும் ஒரே மணி காட்டின. இரண்டு மாதக் குழப்பம் தீர்ந்த நிம்மதி.

எட்டு மணிக்கு மாமா வந்தார்.

“லண்டன் கடிகாரம் தப்பா இருந்திச்சு மாமா. சரி பண்ணிட்டேன்.”

“யாரு சொன்னா தப்புன்னு? பெரிய இஞ்சினியரு.”

நோட்டை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கியவர் நின்றபடி படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார்.

“பாங்கு எதுல மொதல்ல கேட்டிச்சு?”

“ஃபோன்ல. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் நம்ம பள்ளிவாசல்.”

“நல்லா கேட்டியா?”

“நல்லா கேட்டேன் மாமா. மணி போட்டிருக்கேன் பாருங்க.”

அடுப்படியிலிருந்து அத்தை, “மாமனும் மருமகளும் அங்க என்ன குசுகுசுன்னு?” என்றார்.

“ஒன்னுமில்ல. மெஷின் மக்கர் பண்ணுது” என்று சொல்லி மாமா திரையை அணைத்தார். அதை அவர் அணைத்து நான் பார்த்ததில்லை. “அத்தைகிட்ட சொல்லாத” என்றார் மெதுவாக.

பாராட்டு வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கே.எல். என்று நாங்கள் சொல்லும் தலைநகர் கோலாலம்பூரில் சூரியன் எங்களைவிட இரண்டு நிமிடம் முன்னதாக மறையும் என்பது எனக்குத் தெரியாது. தினமும் தொலைக்காட்சியில் தலைநகர நேரத்துக்குப் பாங்கு ஒலித்து, அது முடிவதற்குள் எங்கள் பள்ளிவாசலில் தொடங்குவதைக் கேட்டுக்கொண்டே செய்திக்குக் காத்திருப்பவர் மாமா. அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்துக்காக அத்தை வீட்டு வாசலில் நின்றேன். மாமா வெளியூர் போகும் சட்டையில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்று அவர் செய்த முதல் வேலை, நான் எழுதியதை அழித்துச் சுழியத்தைத் திரும்பப் போட்டது. இரண்டு கடிகாரத்தின் முட்களும் மறுபடி பிரிந்தன. சன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டு, “நீ போட்டது தப்புலா. முன்ன இருந்ததுதான் சரி” என்றார்.

காப்பியோடு வந்த அத்தை, இவ்வளவு காலையில் எங்கே என்று கேட்டார்.

“கே.எல்.ல ஒரு வேலை. லீவு சொல்லிட்டேன்.”

அத்தை திரையைப் பார்த்தார். “பத்தரை. இந்நேரம் படுத்திருப்பான்.”

“ஆமா. படுத்திருப்பான்” என்றார் மாமா.

பேருந்து வந்தது. பள்ளி போய்ச் சேரும்வரை, கணக்கில் நான் எந்த இடத்தில் பிழை விட்டேன் என்று தேடிக்கொண்டே போனேன்.